பழி மழைக்கு, பட்டினி மண்ணுக்கு

காப்பித் தோட்டத்தில் விளைச்சல் குறைந்தால் பழி சுமக்க மூன்று பேர் எப்போதும் தயார். ஒன்று மழை. இரண்டு விலை. மூன்று, வேலைக்கு ஆள் கிடைக்காதது. தாண்டிக்குடி டீக்கடை பெஞ்சிலிருந்து டெல்லி அலுவலகங்கள் வரை இந்த மூவரையும்தான் மாற்றி மாற்றித் திட்டுகிறார்கள். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் திட்டுவதும் இல்லை, விசாரிப்பதும் இல்லை. காலுக்குக் கீழேயே கிடப்பதால் கண்ணில் படவில்லை போலும்.

அவர் பெயர் மண்!

வணிகவியல் படிக்கிற எல்லோருக்கும் முதல் வருடமே ஒரு பாடம் வரும். தேய்மானம். இயந்திரம் தேயும், வண்டி தேயும், கட்டடம் தேயும், நாற்காலி மேஜைகூடத் தேயும். வருடா வருடம் அதற்கென்று ஒரு தொகையைக் கழித்து எழுத வேண்டும். ஆனால் நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, அதன் ஆயுளுக்கு முடிவில்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். பரீட்சையில் அப்படி எழுதினால்தான் மார்க். மலைச்சரிவில் காப்பி போட்டிருப்பவர் அதை நம்பினால் தோட்டமே போய்விடும்.

ஏனென்றால் மண் தேய்கிறது. கரைந்து ஓடுகிறது, புளித்துப் போகிறது, சத்தை இழக்கிறது. அந்தத் தேய்மானத்தை எந்தக் கணக்கிலும் எழுதாமல், வந்ததையெல்லாம் லாபம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனதன் விளைவைத்தான் காப்பித் தோட்டங்கள் இப்போது அனுபவிக்கின்றன. மழைக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் ஒரே மழை பெய்யும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் காய்ப்பு ஏன் வேறுபடுகிறது? அதற்கு மழையிடம் பதில் இல்லை.

முதலில் சில எண்கள்

தமிழ்நாட்டில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேரில் காப்பி இருக்கிறது. பழனி மலையின் கீழ்ப்பகுதி, ஏற்காடு, நீலகிரி, கொல்லிமலை, வால்பாறை இவைதான் முக்கியமான இடங்கள். பெரும்பகுதி அராபிகா. இந்தியாவின் அராபிகா சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு அரை டன்னை ஒட்டியே பல வருடங்களாக நகராமல் நிற்கிறது. வியட்நாமின் ரொபஸ்டா இரண்டரை டன்னைத் தாண்டுகிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "பார், அவன் எங்கே, நீ எங்கே!" என்று கேட்பது சுலபம். காப்பி வாரியம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இல்லை, வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஆகவே காப்பி என்றால் ஏற்றுமதி டன், அந்நியச் செலாவணி என்றுதான் பேச்சு வருகிறது. அந்த டன்னைச் சுமந்த மண் எந்தப் பத்தியிலும் வருவதில்லை.

செடி கேட்பது என்ன?

காப்பிச் செடி பெரிதாக எதுவும் கேட்பதில்லை. ஆழமான, பொலபொலப்பான, தண்ணீர் தேங்காத மண். இலைதழை மட்கிச் சேர்ந்த மேல்மண். லேசான புளிப்பு, அதாவது பி.எச். அளவு ஆறை ஒட்டி. சத்து உறிஞ்சும் சன்னமான வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள ஓரடி மண்ணுக்குள்தான் பரவிக் கிடக்கும். அந்த ஓரடிதான் செடியின் சமையலறை. அதற்குக் கீழே பத்தடி மண் இருந்தாலும் அது வெறும் அஸ்திவாரம்.

சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளைத்தான் பழைய தோட்டக்காரர்கள் தேடிப் பிடித்தார்கள். மேற்கும் தெற்கும் பார்த்த சரிவில் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும், மண் சீக்கிரம் காயும். கோடையில் பூ எடுக்க ஒரு மழை, பிஞ்சு நிற்க அடுத்த மழை என்று இரண்டு மழைக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி விழும்போது, மண்ணுக்குள் மிச்சம் இருக்கும் ஈரம்தான் செடியைக் காப்பாற்றும். மட்கு நிறைந்த மண் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மட்கு போன மண் இரண்டு நாளில் கை விரிக்கும். அப்போது உதிரும் பூவுக்கு மழை மேல் பழி போடுவது எந்த நியாயம்?

புளிப்பு விஷயம் இன்னும் மோசம். பி.எச். ஐந்துக்குக் கீழே இறங்கினால் மண்ணில் அதுவரை சும்மா கிடந்த அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். அலுமினியமும் இரும்பும் சேர்ந்து மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. பாங்கில் பணம் இருக்கிறது, ஆனால் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? அதேதான். அந்த நிலையில் மேலும் மேலும் உரம் போடுவது, முடங்கிய கணக்கில் மேலும் மேலும் பணம் கட்டுவதற்குச் சமம்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் கரைந்து போனால் 10 கன மீட்டர். எடை சுமார் 12 டன். நல்ல மலைமண்ணில் நூற்றுக்கு 0.2 பங்கு தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், அந்த 12 டன்னோடு போனது 24 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவுதான்.

அதாவது அரை டன் காப்பியைக் கீழே இறக்கிய தோட்டம், ஒரு நல்ல ஐப்பசி மழையில் 12 டன் மண்ணையும் ஓடையில் இறக்கிவிடலாம். ஒரு மில்லிமீட்டர் போனதைக் கண்ணால் பார்க்க முடியாது. பத்து வருடம் கழித்து வேர் வெளியே தெரியும்போதுதான் தெரியும். வேர் தெரிகிற செடியைக் காட்டி, "மழை சரியில்லை சார்" என்பார்கள்.

அதே சமயம் காப்பிப் பழமும் மண்ணிலிருந்து எடுத்துத்தான் போகிறது. ஒரு டன் காப்பிக்கொட்டைக்கு ஐந்தாறு டன் பழம் பறிக்க வேண்டும். அதோடு சுமார் 35 முதல் 40 கிலோ தழைச்சத்தும், அதைவிட அதிகமாகச் சாம்பல்சத்தும் தோட்டத்தை விட்டு வெளியேறும். அந்தச் சாம்பல்சத்தில் நல்ல பங்கு பழத்தோலில் இருக்கிறது. அந்தத் தோலை என்ன செய்கிறார்கள்? பல இடங்களில் பல்ப்பரில் உரித்துப் பக்கத்து ஓடையில் விடுகிறார்கள், அல்லது ஒரு மூலையில் நாறவிடுகிறார்கள். பிறகு கீழே போய்ப் பொட்டாஷ் மூட்டை வாங்கி வருகிறார்கள். இதைக் கணக்குப்பிள்ளை யாராவது செய்தால் வேலையை விட்டே துரத்திவிடுவார்கள்!

நிழலை வெட்டினால் மண்ணை வெட்டியதுதான்

இந்தியக் காப்பி நிழலில் வளர்வது. பலா, அத்தி போன்ற பெரிய மரங்கள் மேலே. முள்முருங்கை கீழே. பழனி மலையில் ஆரஞ்சும் மலைவாழையும் கூடவே உண்டு. இந்த அடுக்கு அழகுக்காக வந்தது அல்ல. மேல்மரம் மழைத்துளியின் வேகத்தை உடைக்கிறது. உதிரும் இலை மண்ணுக்குப் போர்வையாகிறது. முள்முருங்கையின் வேர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது.

பிறகு வந்தது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வேகமாக, நெட்டுக்குத்தாக வளரும். மிளகுக்கொடி ஏற்றலாம், சில வருடங்களில் வெட்டி விற்கலாம். காசுக் கணக்கில் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத மரம். மண்ணின் கணக்கில்? அது தழைச்சத்தைப் பிடித்துத் தரும் இனம் அல்ல. இலை மட்கவும் நாளாகும். கலப்பு மரங்கள் நின்ற இடத்தில் சில்வர் ஓக் மட்டும் வரிசை கட்டி நின்றால் பெயருக்கு நிழல் இருக்கும், போர்வை இருக்காது.

நிழலைக் குறைத்தால் காய்ப்பு கூடும் என்பது உண்மை. முதல் இரண்டு மூன்று வருடம் கூடும். வெயிலில் நிற்கும் அராபிகா தாங்க முடியாத அளவுக்குக் காய்த்து, அடுத்த வருடம் கிளை நுனி காய்ந்து நிற்கும். வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கும் வெயில் என்றால் கொண்டாட்டம். வெயில் படும் தண்டைத் தேடி வந்து அந்த வண்டு முட்டையிடும். புழு தண்டுக்குள் மாதக்கணக்கில் குடைந்துகொண்டிருக்கும். கண்டுபிடித்தால் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வைத்தியம். நிழலை வெட்டி வாங்கிய கூடுதல் காய்ப்பு அந்த அடுப்பில் போய்விடும்.

அடர் நிழலிலும் பூ எடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்வது அதற்குத்தான். அளவாகக் கிளை கழிப்பது வேறு, மரத்தையே சாய்ப்பது வேறு.

266 ரூபாய் மூட்டை

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அரசாங்கம் மானியம் தந்து அந்த விலையில் நிறுத்தி வைத்திருக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் என்று போட்ட திட்டம் மலைக்கும் ஏறி வந்துவிட்டது. யூரியா தொடர்ந்து விழுகிற மண் மெல்ல மெல்லப் புளிக்கும். அம்மோனியம் சல்பேட் அதைவிட வேகமாகப் புளிக்க வைக்கும். மருந்து சுண்ணாம்பு அல்லது டோலமைட். புளிப்பைத் தணிக்கும், கால்சியமும் தரும்.

ஆனால் பாருங்கள், மண்ணைப் புளிக்க வைக்கிற மூட்டை இத்தனை மலிவு. புளிப்பை எடுக்கிற மூட்டையைக் கையிலிருந்து காசு போட்டு வாங்கி, ஜீப்பில் ஏற்றி, ஜீப் போகாத இடத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். ஏழை விவசாயி எதை வாங்குவார்? அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விலைப்பட்டியலே அவரைத் தப்பான பக்கம் தள்ளுகிறது. 2015-இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அட்டையில் "புளிப்பு அதிகம்" என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்புக்கு வழி சொல்லாவிட்டால் அது நோயாளிக்கு ரிப்போர்ட் மட்டும் கொடுத்து அனுப்புகிற கதைதான்.

பிரேசில் சொன்ன இரண்டு பாடம்

மண்ணைத் தின்றால் என்ன ஆகும் என்று தெரிய பிரேசிலின் பரைபா பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகக் காப்பியின் தலைநகரமே அதுதான். காட்டை வெட்டி எரித்து, அடிமைகளை வைத்துக் காப்பி நட்டார்கள். வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் போட்டார்கள். மழைக்கு அதைவிடச் சௌகரியமான வாய்க்கால் வேண்டுமா? சில பத்தாண்டுகளில் மேல்மண் போனது, விளைச்சல் போனது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மொட்டைக் குன்றுகளில் மாடு மேய்ந்தது. முதலாளிகள் கவலைப்படவில்லை. மேற்கே சாவோ பாவ்லோவின் செம்மண்ணுக்கு நகர்ந்துவிட்டார்கள். அங்கே இன்னும் வெட்டக் காடு இருந்தது.

இரண்டாவது பாடம் நேர் எதிர். பிரேசிலின் செராடோ சமவெளி புளித்த மண். அலுமினியம் அதிகம், சத்து குறைவு. பயிருக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய இடம். 1973-இல் தொடங்கிய எம்ப்ராப்பா ஆய்வு நிறுவனமும் மற்றவர்களும் அங்கே முதலில் கையில் எடுத்தது சுண்ணாம்பு. டன் கணக்கில் போட்டு, மண்ணைத் திருத்தி, பிறகு பயிர் செய்தார்கள். இன்று அந்தச் சமவெளியில் காப்பியும் அமோகமாக விளைகிறது. அந்த வேலைக்காக மூவருக்கு 2006-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. செராடோவின் இயற்கைக் காடு பெருமளவு அழிந்தது என்பது அந்தக் கதையின் இன்னொரு பக்கம், அதைக் கொண்டாட முடியாது. ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டது. நல்ல மண்ணைக் கெடுக்கவும் முடியும், கெட்ட மண்ணைத் திருத்தவும் முடியும். மண்ணின் நிலை விதி அல்ல.

பழனி மலைக்காரர் பரைபா முதலாளியைப் போல் எங்கே நகர்வார்? மேலே வனத்துறை, கீழே வறண்ட திண்டுக்கல். இருக்கிற இரண்டு ஏக்கர்தான் அவருக்கு மேற்கும் கிழக்கும்.

"வியட்நாமைப் பார்!" என்பவர்களுக்கு

சரி, பார்க்கலாம். வியட்நாமின் காப்பி மத்திய மேட்டுநிலத்தில் எரிமலைப் பாறை மட்கி உண்டான ஆழமான செம்மண்ணில் வளர்கிறது. சரிவு பெரும்பாலும் மிதம். பயிர் ரொபஸ்டா. கோடையில் கிணற்று நீரை இறைத்துப் பலமுறை பாய்ச்சுகிறார்கள். உரத்தை வாரி இறைக்கிறார்கள். இதில் எந்த ஒன்று தாண்டிக்குடிச் சரிவில் நிற்கும் அராபிகாவுக்குப் பொருந்தும்? சரிவில் வாரி இறைத்த உரம் செடிக்குப் போகாது, வைகைக்கும் காவிரிக்கும்தான் போகும்.

அந்த வியட்நாமும் சும்மா தப்பிக்கவில்லை. பல தோட்டங்களில் மண் புளித்துவிட்டது. பழைய செடியைப் பிடுங்கி அதே இடத்தில் புதுச்செடி வைத்தால் மண்ணில் பெருகிய நூற்புழு வேரைத் தின்கிறது. 2016 வறட்சியில் கிணறுகள் வற்றின. இரண்டரை டன் என்பது அவர்களின் வருமானம் மட்டும் அல்ல, மண்ணிடம் வாங்கிய கடனும் அதில் கலந்திருக்கிறது.

இன்னொரு கட்சியும் உண்டு. "உரமே போடாதே, எல்லாம் இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்பவர்கள். அவர்களுக்கும் அதே கணக்குதான் பதில். டன்னுக்கு 35 கிலோ தழைச்சத்து வெளியே போகிறது. தொழுவுரமாகவோ, மட்காகவோ, மூட்டை உரமாகவோ அது திரும்பி வந்தாக வேண்டும். எடுப்பது மட்டும் செய்துவிட்டுத் திருப்பித் தராததற்கு இயற்கை என்று பெயர் வைத்தால் மண் ஏமாறாது.

விலை ஏறிய வேளை

2001-இல் உலகச் சந்தையில் அராபிகா பவுண்டு அரை டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த வருடங்களில் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் தோட்டங்கள் கிடந்தன. மண்ணுக்கு யார் செலவு செய்வார்? பிறகு காலம் மாறியது. 1977-இல் எட்டிய பழைய உச்சத்தை 2024 டிசம்பரில் முறியடித்து, 2025 பிப்ரவரியில் விலை 4 டாலரைத் தாண்டியது. காரணம் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. வெளிநாட்டு மண் காய்ந்ததால் உள்நாட்டுத் தோட்டக்காரருக்குக் காசு வந்தது.

அந்தக் காசு எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலை விழுந்தால் மண்ணுக்குக் காசில்லை. விலை ஏறினால் மண்ணுக்கு நேரமில்லை. ஏறிய விலையைப் பார்த்து நிழலை வெட்டி, யூரியாவைக் கொட்டி, இரண்டு வருடத்தில் பிழிந்தெடுக்க ஆசை வரும். பிழிந்தபின் விலை இறங்கும். காப்பி விலை இறங்காமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அப்போது கையில் காசும் இருக்காது, காலடியில் மண்ணும் இருக்காது. விற்றுவிட்டுப் போகலாம் என்று தோன்றும். வாங்க ரிசார்ட்காரர் காத்திருப்பார். அவருக்கு மண் வேண்டாம், மலைக்காட்சி போதும். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும், மண்ணின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். இரண்டு தலைமுறை வளர்த்த தோட்டம் இப்படித்தான் கார் நிறுத்துமிடமாகிறது.

இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண்ணைப் பரிசோதிப்பது. தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புளிப்பு இருந்தால் சொன்ன அளவு சுண்ணாம்பு. சரிவுக்குக் குறுக்கே, வரிசைகளுக்கு நடுவில், ஓரடி அகலம் ஒன்றரை அடி ஆழத்தில் விட்டுவிட்டு வெட்டும் குழிகள். ஓடி வரும் மண்ணும் நீரும் இலையும் அதில் தங்கும். பழத்தோலை மட்காக்கி அதே செடிக்குத் திருப்புவது. விழுந்த பலாவுக்குப் பதில் இன்னொரு பலா, முள்முருங்கைக்குப் பதில் இன்னொரு முள்முருங்கை.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. யூரியாவுக்குத் தருகிற சலுகையில் ஒரு சின்னப் பங்கையாவது மலைச்சரிவுச் சுண்ணாம்புக்குத் தரட்டும். ஏற்றுமதி டன்னை எண்ணுகிற அறிக்கையிலேயே, ஒவ்வொரு காப்பி மலையிலும் மண்ணின் புளிப்பும் மட்கும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு பத்தி போடட்டும். எண்ணப்படாத எதையும் யாரும் காப்பாற்றியது இல்லை.

தோட்டக்காரரும் தன் நோட்டில் ஒரு வரி சேர்க்கலாம். பல்ப்பர் தேய்மானம் இவ்வளவு, ஜீப் தேய்மானம் இவ்வளவு என்று எழுதும் இடத்துக்குக் கீழே, மண் தேய்மானம் இவ்வளவு. அந்தத் தொகையை முதலில் மண்ணில் போட்டுவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் லாபம் என்று சொல்லலாம். பாடப்புத்தகம் ஒப்புக்கொள்ளாது. பரவாயில்லை. பாடப்புத்தகம் எழுதியவர் ஐப்பசி மழையில் காப்பித் தோட்டத்து ஓடை என்ன நிறத்தில் ஓடும் என்று பார்த்திருக்க மாட்டார்.